சீனத்தம்பியின் புள்ளிகள்

“அண்ணை, தாங் பெரிசோ, மிங் பெரிசோ?”

காலையில் உடுப்பு மாற்றும் அறைக்குள் நான் நுழைந்தால் அவர் எனக்குச் சொல்லும் வணக்கம் இதுதான். தாங், மிங் எல்லாம் பழைய சீன அரச வம்சங்கள். ஏப்ரன் கயிற்றைக் கட்டிக்கொண்டே வாயில் வந்ததைச் சொல்வேன். தாங் என்றால், “அப்ப மிங் கட்டின மதில்?” என்பார். மிங் என்றால், “தாங்கின்ர குதிரை எவ்வளவு தூரம் போனது தெரியுமோ?” என்பார். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லித் தப்பப் பார்த்தால் அவருக்குக் கோபமே வந்துவிடும். “ரெண்டு பேர் ஒரே பலத்தோட நிண்டதா ஒரு இடத்திலையும் இல்லை அண்ணை” என்று சொல்லிவிட்டு, ஒரு காலில் சப்பாத்தும் மற்றக் காலில் செருப்புமாகக் குசினிக்குள் போய்விடுவார்.

சுவிஸில், லுசேர்ண் ஏரிக்கரையில் இருந்த ஒரு ஹோட்டல் குசினியில் நாங்கள் இருவரும் பல வருடம் ஒன்றாக வேலை செய்தோம். நான் பாத்திரம் கழுவும் மெசினில். அவர் மரக்கறி வெட்டும் மேசையில். என்னைவிட நாலு வயது இளையவர். அவருடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் வீட்டில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பிட வந்திருந்தார். என் மனைவி கத்தரிக்காய்க் கறியை அகப்பையில் அள்ளிக்கொண்டு நிற்கிறாள். அவர் சோற்றுக் கோப்பையை நீட்டாமல், ஹான் அரசர்கள் எப்படி நானூறு வருடம் தாக்குப்பிடித்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் போன பிறகு அவள் சொன்னாள்: “ஊரில வீட்டுக்கு ஒரு சின்னத்தம்பி இருப்பார். எங்களுக்கு ஒரு சீனத்தம்பி வாய்ச்சிருக்கு.”

அது அவருடைய காதுக்கும் போனது. கோபிக்கவில்லை. “அக்கா தம்பி எண்டு சொன்னதே காணும்” என்றார்.

உலர்சாமான் அறைக் கதவின் பின்பக்கம் அவருடைய மட்டை தொங்கும். தக்காளி டின் வந்த பெட்டியை வெட்டி, பென்சிலால் கோடு போட்டது. முதல் கட்டத்தில் அரசின் பெயர். பிறகு நிலம், படை, சாப்பாடு, எத்தனை வருடம். கடைசிக் கட்டத்தில் பத்துக்கு இத்தனை புள்ளி. காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். ஏப்ரன் பைக்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற அழிறப்பர். திங்கட்கிழமை ஒன்பது புள்ளி எடுத்த தாங், புதன்கிழமை ஏழுக்கு இறங்கியிருக்கும். “நேற்று நான் போட்டது பிழை அண்ணை. ஒரு தளபதி எழும்பினான் எண்டவுடன அரசன் தலைநகரை விட்டு ஓடியிருக்கிறான். அப்பிடி ஓடினவனுக்கு ஒன்பது போடேலுமோ?” அழித்து அழித்து அந்தக் கட்டத்தில் மட்டை தோலுரிந்துபோனது.

என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. சின், சிங் என்று இரண்டு இருப்பதே எனக்கு வருடக்கணக்காகப் பிடிபடவில்லை. “சின் முதல், சிங் கடைசி. ஒரு எழுத்துத்தான் வித்தியாசம் அண்ணை, வடிவாக் கேளுங்கோ” என்பார். சிங் மிகப் பெரிய நிலம் ஆண்டதாம். சின் அரசனோ எல்லாரையும் அடக்கி, எழுத்தையும் வண்டிச் சில்லையும்கூட நாடு முழுக்க ஒரே அளவாக்கினானாம். “அப்பிடிப்பட்ட சின், எத்தினை வருஷம் நிண்டது தெரியுமோ? பதினைஞ்சு. பதினைஞ்சே பதினைஞ்சு!” இதைச் சொல்லும்போது அவருடைய குரல் மாறும். நேற்று நடந்ததைச் சொல்வதுபோலச் சொல்வார்.

ஏன் அப்படி என்பதை நான் இப்போதே சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் இவரைப் பற்றி மேலே எழுதினால் வேடிக்கை மனிதர் என்று வாசிப்பவர்கள் நினைத்துவிடுவார்கள்.

அந்தக் கதவின் பின்னால் முதலில் தொங்கியது சீனா அல்ல, வன்னி வரைபடம். சண்டை நடந்த கடைசி மாதங்களில் ஒவ்வொரு நாளும் வந்து அதில் கோடு போடுவார். எங்கே ஆர் நிற்கிறார்கள், எந்தப் பாதை திறந்திருக்கிறது, எத்தனை நாளைக்குச் சாப்பாடு காணும் என்று எல்லாம் அவரிடம் இருக்கும். எல்லாம் முடிந்த அந்த வைகாசியில் ஒரு காலை வந்து பார்த்தேன். வரைபடம் இல்லை. ஆணி மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு மூன்று மாதம் அவர் வேலைக்கு வேண்டிய சொல்லைத் தவிர வேறு கதைக்கவில்லை. பிறகு ஒருநாள் அதே ஆணியில் சீனா வந்து தொங்கியது. நூலகத்தில் சிறுவர் பகுதியில் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், ஒரு படப்புத்தகம் எடுத்தாராம். அதிலிருந்து தொடங்கியது.

காரணத்தை அவர் எனக்குச் சொன்னது குளிரறைக்குள். சலாட் பெட்டிகளை எண்ணிக்கொண்டு நின்றோம். வாயிலிருந்து புகை வந்தது.

“தம்பி மாசியில போன் எடுத்தவன் அண்ணை. சனம் வெளிய போகுது, பெண்சாதி பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு நானும் போகட்டோ எண்டு கேட்டவன். நான் சொன்னன், இரு, வன்னி விழாது, நான் எல்லாம் பாத்திட்டுத்தான் சொல்லுறன் எண்டு.”

நான் பெட்டியைக் கீழே வைத்தேன்.

“நான் சொன்னா அவன் கேப்பான்” என்றார்.

தம்பியின் மனைவி இரண்டு பிள்ளைகளோடு கடைசி நேரத்தில் வெளியே வந்தாள். அவன் வரவில்லை. கடைசியாக எங்கே கண்டது என்று மூன்று பேர் மூன்று இடம் சொன்னார்கள். அவள் இன்றைக்கும் நெற்றியில் பொட்டு வைக்கிறாள். மாதம் ஒருமுறை போன் எடுத்து இவரிடம் ஒரே கேள்வி கேட்பாள்: “அத்தான், நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?” இருக்கிறான் என்று சொல்லவும் இவரால் முடியாது. இல்லை என்று சொல்லவும் முடியாது. ஒருமுறை சொல்லிப் பிழைவிட்ட வாய்.

“விழாது எண்டு எதைப் பாத்துச் சொன்னனான் அண்ணை? விழப்போற ஒண்டில ஒரு அடையாளம் இருந்திருக்கவேணும். சீனாவில எத்தினை விழுந்திருக்கு! எல்லாத்தையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்தா ஒண்டிலையெண்டாலும் தெரியாதோ?”

அதன் பிறகு தாங்கோ மிங்கோ என்று அவர் கேட்டால் நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன்.

அவரால் ஓரிடத்தில் இருக்க முடியாது. மத்தியானச் சாப்பாடு முடிந்து இரவு வேலை தொடங்குமட்டும் எங்களுக்கு மூன்று மணித்தியாலம் இடைவேளை. சிம்மர்ஷ்டுண்ட என்று சொல்வார்கள். மற்றவர்கள் ஏரிக்கரை வாங்கில் படுப்பார்கள். நான் ஜெபமாலையை எடுத்துச் சரவணபவ சொல்வேன். இவர் நடப்பார். போய் வருவார், திரும்பப் போவார். என்னையும் சிலநாள் இழுத்துக்கொண்டு போனதுண்டு. சீனக்காரர்கள் வரிசையாக நின்று படம் எடுக்கிற அந்தக் கல்லுச் சிங்கம் இருக்கிறதே, அந்தப் பக்கம் மட்டும் வரமாட்டார். பிரான்ஸ் அரசனுக்குக் காவல் நின்று செத்த சுவிஸ் படைவீரர்களுக்காகக் குடைந்த சிங்கம். முதுகில் ஈட்டி முறிந்து நிற்க, படுத்துக் கிடக்கும்.

“நல்ல வடிவாத்தானே செய்திருக்கிறாங்கள், வாருமன்” என்றேன்.

“இவையளுக்கும் ஆரோ இருங்கோ எண்டு சொல்லியிருப்பினம்” என்றார். அடுத்த சந்தியால் திரும்பிவிட்டார்.

ஒருநாள் சாப்பாட்டு மண்டபம் முழுக்கச் சீனச் சுற்றுலாக்காரர். நாற்பது பேர் இருக்கும். இவர் சலாட் கோப்பையோடு வெளியே போனவர், உள்ளே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். வழிகாட்டிப் பெண்ணிடம் டொச்சில் என்னவோ கேட்கிறார். அவள் சிரித்துக்கொண்டு அதைத் தங்கள் பாஷையில் உரத்துச் சொன்னாள். அவ்வளவுதான். ஒரு கண்ணாடிக்காரர் மேசையில் தட்டி “தாங்!” என்றார். பக்கத்து மேசைக்காரர் கரண்டியை நீட்டி “ஹான்!” என்றார். ஒரு மனுசி இரண்டு பேரையும் திட்டினாள். சூப் ஆறியது. ஆர் ஆரோ கைபேசியை எடுத்து வரைபடம் காட்டினார்கள். எங்கள் ஷெஃப் வாசலில் வந்து நின்று, “இது என்ன, பாராளுமன்றமோ? என்னுடைய சலாட் எங்கே?” என்று கத்தினார். கோப்பை இன்னும் இவருடைய கையில்தான் இருந்தது.

உள்ளே வந்தவருடைய முகம் மலர்ந்திருந்தது. “பாத்தீங்களே அண்ணை, அவையளுக்கே தெரியேல்லை!” கொஞ்ச நேரம் வெள்ளரிக்காய் வெட்டினார். பிறகு கத்தி நின்றது. “அவையளுக்கே தெரியாட்டி எனக்கு எப்பிடித் தெரியும்?” என்றார்.

எனக்குப் பிடித்தது சொங். அவர் சொன்னதை வைத்துத்தான் பிடித்தது. அந்த அரசுக்குப் படைப்பலம் காணாதாம். வடக்கே இருந்த பகைவருக்கு வருடாவருடம் பட்டும் வெள்ளியும் அனுப்பிச் சமாளித்தார்களாம். ஆனால் நகரங்களில் சந்தை நிறையச் சாமான், சனத்துக்குச் சோறு, கப்பல், அச்சுப் புத்தகம் எல்லாம் இருந்ததாம்.

“சனம் சாப்பிட்டதெல்லே, பிறகென்ன? அதுக்குக் கூடப் போடுமன்” என்றேன்.

“அண்ணை, கப்பம் கட்டினதுக்குப் புள்ளியோ?”

“எத்தினை வருஷம் நிண்டது?”

“முந்நூறுக்கு மேல.”

“உம்மட சின்?”

அவர் என்னை முறைத்துப் பார்த்தார். சொங்குக்கு மூன்று போட்டிருந்தார். அந்த மூன்றை மட்டும் அவர் அழித்து நான் காணவில்லை. மற்றதெல்லாம் ஏறி இறங்கும். சொங் அப்படியே கிடக்கும்.

நான் பெரிதாக ஒன்றும் தெரியாதவன். காலையில் விளக்கேற்றிக் கும்பிடாமல் வாசல் தாண்டுவதில்லை, வெள்ளிக்கிழமை விரதம், வருடத்தில் ஆறு நாள் கந்தசஷ்டி. எங்கள் கோயில் தொழிற்பேட்டையில் ஒரு பழைய களஞ்சியக் கட்டடம். அதுவே எனக்குக் கயிலாயம். சீனத்தம்பியும் வருவார். உட்காரமாட்டார். சுற்றுவார். சூரன்போர் அன்றைக்கு மட்டும் முன்னுக்கு நிற்பார், அதுவும் சூரனைத் தூக்குகிற பக்கத்தில். முருகனைத் தூக்க இளைஞர்கள் அடிபடுவார்கள். சூரனுக்குத் தோள் கொடுக்க ஆள் தேட வேண்டும். இவர் ஒருவர் நிச்சயம். கார் நிறுத்துமிடத்தில், ஐப்பசிக் குளிரில், வெறும் மேலோடு சூரனை ஆட்டி ஆட்டி ஓடுவார்.

“ஆயிரத்தெட்டு அண்டம், நூற்றெட்டு யுகம். பத்துக்குப் பத்து அண்ணை. ஆனா விழுந்தான்” என்றார் ஒருமுறை, மூச்சு வாங்கிக்கொண்டு.

சாமி காரியத்திலும் புள்ளி போடுகிறாரே! “சூரன் விழேல்லைத் தம்பி. மயிலும் சேவலுமாய் ஆண்டவனோடதான் நிக்கிறான்” என்றேன்.

அவர் தோளில் பதிந்த தடியின் தழும்பைத் தடவினார். “அப்பிடி நம்புறது, வெட்டினதைக் கண்ணால கண்டவைக்கு அண்ணை” என்றார்.

இனி என்னுடைய பிழையைச் சொல்ல வேண்டும்.

ஆடி அமாவாசைக்கு நாங்கள் தகப்பன்மாருக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்போம். செத்த திதி தெரியாதவர்களுக்கும் அன்றைக்குக் கொடுக்கலாம் என்று ஐயர் சொல்வார். வாசலில் ஒரு துண்டு தருவார்கள். இறந்தவர்களின் பெயரை எழுதிக் கொடுத்தால் ஐயர் வாசிப்பார். சீனத்தம்பி ஒவ்வொரு ஆடி அமாவாசையும் வருவார், துண்டை வாங்குவார், சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் நிற்பார். எழுதமாட்டார். கடைசியில் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விடுவார். ஐந்தாறு வருடம் இதைக் கண்டேன். எழுத ஆசை, கைதான் வரவில்லை என்று நினைத்தேன். ஒரு ஆத்மா தாகத்தோடு அலையக் கூடாதே என்றும் நினைத்தேன். என் அப்பாவின் பெயரை எழுதினேன், அப்பப்பாவின் பெயரை எழுதினேன். மூன்றாவது வரியில் அவருடைய தம்பியின் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

ஐயர் ஒலிவாங்கியில் வாசித்தார். பெயரோடு ஊரையும் வாசித்தார். நான் எழுதியிருந்தேனே.

சப்பாத்துத் தட்டுப் பக்கமிருந்து அவர் வந்தார். தர்ப்பையோடு இருந்தவர்களைத் தாண்டி, நேராக நடுவுக்கு வந்தார்.

“ஆர் குடுத்தது?”

“நான்தான் தம்பி” என்றேன். எழும்பி நின்றேன். விரலில் தர்ப்பை இருந்தது.

“எந்த நாள்?”

“தம்பி, நான் நல்லதுக்கு…”

“எந்த நாள் எண்டு கேக்கிறன்! மிங் முடிஞ்ச நாள் எது? சொல்லுங்கோ பாப்பம். அரசன் மலையடி மரத்தில தொங்கின நாளோ? தெற்கில பதினெட்டு வருஷம் நாங்கள் இன்னும் இருக்கிறம் எண்டு நிண்டவங்கள். பர்மா மட்டும் ஓடின கடைசி ஆளைப் பிடிச்ச நாளோ? அதைப் படிச்சவனே ஒரு நாளாச் சொல்லமாட்டான். நீங்கள் ஆர் அண்ணை, ஒரு துண்டில எழுதி முடிக்க?”

கோயிலில் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. யாரோ ஒரு மனுசி, “மிங்கெண்டா ஆர், இவரின்ர சொந்தமோ?” என்று கேட்டது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். அழுதாரா என்று எனக்குத் தெரியாது. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது வாசற் கதவு ஆடிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் உடுப்பு மாற்றும் அறையில் கேள்வி இல்லை. அடுத்த மாதம் அவர் பக்கத்து நகரமான சூக்கில் ஒரு உணவகத்துக்கு வேலை மாறிப்போனார். மட்டையைக் கொண்டுபோகவில்லை.

“நீங்கள் ஏனப்பா எழுதினீங்கள்?” என்று மனைவி கேட்டாள். ஆயிரம் தரம் யோசித்தேன். செத்தவனுக்குத் தண்ணீர் கொடுக்காமல் விட்டால் பாவம். இருப்பவனுக்கு எள்ளுத் தண்ணீர் இறைத்தால் அதைவிடப் பெரிய பாவம். இரண்டில் எதை நான் செய்தேன்? கும்பிட நின்றால் அந்தக் கேள்விதான் வந்து நிற்கும். ஜெபமாலை உருளும், எண்ணிக்கை தவறும். முருகா என்று சொல்லும்போதே அந்தத் தம்பியின் பெயர் வாயில் வரும். அவனை நான் கண்டதுகூட இல்லை. குசினியைத் திருத்தியபோது மட்டையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சாமித்தட்டுக்குக் கீழே வைத்தேன்.

இப்படியே ஐந்து வருடம் போனது. போன ஆனியில் என் மகளின் பிறந்தநாளுக்கு அர்ச்சனை செய்யக் கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைத் துண்டு தருகிற பிள்ளை இங்கே பிறந்து வளர்ந்தது. தமிழைக் கொஞ்சம் தட்டித்தட்டிப் பேசும். “பேர் சொல்லுங்கோ” என்றது. சொன்னேன். “நட்சத்திரம்?” என்றது.

காசை எண்ணிக்கொண்டிருந்த என் விரல் நின்றது.

“அங்கிள், நட்சத்திரம் வேணும். நட்சத்திரம் இல்லாமல் ஐயர் செய்யமாட்டார்.”

செத்தவர்களுக்குத் திதி. இருப்பவர்களுக்கு நட்சத்திரம். பிறந்த நாள் முதல் எனக்குத் தெரிந்த விஷயம். அன்றைக்குத்தான் முதல்முறை கேட்பதுபோலக் கேட்டேன். மகளின் நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டு, வெளியே கார் நிறுத்துமிடத்துக்கு வந்து, சூரன் ஆடுகிற அந்த இடத்தில் நின்றுகொண்டு அவருடைய பழைய நம்பருக்கு எடுத்தேன். எடுப்பார் என்று நினைக்கவில்லை.

எடுத்தார். பின்னால் பாத்திரச் சத்தம்.

“தம்பி, நான்தான்.”

“ம்.”

“ஒண்டு கேக்கவேணும். உம்மட தம்பியின்ர நட்சத்திரம் என்ன?”

பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு கதவு சாத்துகிற சத்தம். பிறகு அதுவும் இல்லை. குளிரறைக்குள் போய்விட்டார் என்று நினைக்கிறேன்.

“சதயம்” என்றார். “கும்ப ராசி.”

“ஒரு அர்ச்சனை செய்விக்கப்போறன். உமக்குச் சரியெண்டாத்தான்.”

“மைக்கில வேண்டாம் அண்ணை.”

“இல்லை, இல்லை. மெதுவாத்தான்.”

“தம்பியின்ர பெண்சாதியிட்டைச் சொல்லட்டோ? சதயத்துக்கு அர்ச்சனை நடக்குதெண்டு.”

“சொல்லும்.”

“என்ன நினைக்கிறீங்கள் எண்டு கேப்பா.”

இரண்டு பேரும் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டிருந்தது.

“அண்ணை, அந்த மட்டை எங்க?”

“வீட்டில இருக்கு.”

“சொங்குக்கு மூண்டு எண்டு கிடக்கும்.”

“ஓம்.”

“அதை அழிச்சு விடுங்கோ.”

“அழிச்சு எத்தினை போட?”

“தெரியேல்லை. நீங்கள் இப்ப அழியுங்கோ. நான் யோசிச்சுச் சொல்லுறன்.”

இரண்டு அர்ச்சனையும் முடிந்து திருநீற்றோடு வீட்டுக்கு வந்தேன். மகளிடம் அழிறப்பர் கேட்டேன். மட்டையை மடியில் வைத்து அழித்தேன். பென்சில் போய்விட்டது. அழுத்தி எழுதியிருக்கிறார். பள்ளம் போகவில்லை. விரலால் தடவினால் மூன்று என்று தெரிகிறது. சொங்கின் கட்டம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. போன் அடித்தால் முதலில் மட்டை இருக்கிற பக்கம்தான் பார்க்கிறேன்.